எருமை நாக்கும் கொட்டகைக் கதவும்!

குட்டீஸ், சென்னையில் இருந்து பெங்களூரு போகும் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் போயிருக்கிறீர்களா? போயிருந்தால், கட்டம் கட்டமாக, வட்டம் வட்டமாக, புரியாத எழுத்தில் சில பெயர்ப் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். அது கொரிய மொழி. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கிய பிறகு, இந்தப் பக்கம் கொரியாக்காரர்கள் நிறையப் பேர் வேலைக்கு வந்தார்கள். பின்னாலேயே ஒரகடம் பக்கம் ஜப்பான் கம்பெனிகளும் வந்தன. ஆட்கள் வந்தால் சாப்பாட்டுக் கடையும் வரத்தானே வேண்டும்? வந்தது. அந்தக் கடைகளின் மெனு கார்டில் 'சால்மன்' என்று ஒரு மீன் இருக்கும். ஆரஞ்சு நிறச் சதை. விலையைப் பார்த்தால் நம் அப்பாக்கள் மெனு கார்டை மூடி வைத்துவிடுவார்கள்!

அதே ஸ்ரீபெரும்புதூரில், மழைக்காலம் முடிந்து ஏரி நிரம்பி நிற்கும் நாளில் கரைப் பக்கம் போய்ப் பாருங்கள். மூங்கில் குச்சி, தங்கூசி நரம்பு, ஒரு தக்கை, ஒரு முள், கொட்டாங்குச்சி நிறைய மண்புழு... இவ்வளவுதான் சாமான். உங்கள் வயதுப் பையன்கள் கெண்டைக்கும் கெளுத்திக்கும் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தக்கை 'டுபுக்'கென்று முங்கும். அந்த ஒரு நொடிக்காக மணிக்கணக்கில் வெயிலில் காயலாம்.

அந்த ஒரு நொடிக்காகவே பல ஆயிரம் ரூபாய் செலவழித்து, விமானம் ஏறி, உலகத்தின் இன்னொரு மூலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், பசிபிக் கடலில், சால்மனும் ஹாலிபட்டும் பிடிப்பது பெரிய விளையாட்டு. நாமும் ஒரு ரவுண்டு போய்விட்டு, அங்கிருந்து நம் ஊர்க் கடலுக்கே திரும்பி வருவோம். நம் கடலிலும் ஒரு 'சால்மன்', ஒரு 'ஹாலிபட்' இருக்கின்றன. அதில் ஒன்றின் பெயர் தமிழ்ப் பெயர்!

பிறந்த ஊர் வாசனை

முதலில் சால்மன். பசிபிக் பக்கம் இருப்பது ஒரே வகை இல்லை. அமெரிக்கக் கரையில் ஐந்து வகைகள் உண்டு. அதில் பெரியது சினூக். 'ராஜா சால்மன்' என்றும் சொல்வார்கள்.

சால்மனின் வாழ்க்கை விசித்திரமானது. ஆற்றில் பிறக்கும். குட்டியாக இருக்கும்போதே நீரோட்டத்தோடு கடலுக்குப் போய்விடும். அங்கே சில வருடங்கள் தின்று கொழுக்கும். பிறகு ஒரு நாள், தான் பிறந்த அதே ஆற்றைத் தேடித் திரும்பி வரும். முட்டையிடும். இறந்துவிடும். பசிபிக் சால்மன்கள் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் முட்டையிடுகின்றன. அலாஸ்காவில் யூகான் என்று ஒரு நதி. அதில் ஏறும் சில சினூக்குகள் சுமார் 3,000 கிலோமீட்டர் எதிர்நீச்சல் போட்டுக் கனடா வரை போகின்றன. கன்னியாகுமரியில் இருந்து காஷ்மீர் தூரம்! அதுவும் வழியில் ஒன்றும் சாப்பிடாமல்.

இத்தனை பெரிய கடலில் இருந்து தன் ஆற்றை எப்படிக் கண்டுபிடிக்கிறது? மூக்கால்! ஆர்தர் ஹாஸ்லர் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதைச் சோதித்துப் பார்த்தார். மிச்சிகன் ஏரியில் விடப் போகும் சால்மன் குஞ்சுகளை, தண்ணீரில் மார்போலின் என்ற ரசாயனத்தைத் துளித்துளியாகக் கலந்து வளர்த்தார்கள். குஞ்சுகள் ஏரிக்குப் போய்ப் பெரிதாயின. திரும்பி வரும் பருவத்தில் வேறு ஒரு ஓடையில் அதே ரசாயனத்தைச் சொட்டவிட்டார்கள். அவை இதற்கு முன் பார்த்தே இராத அந்த ஓடைக்குள் நுழைந்தன. வெளியூரில் இருந்து வீட்டுக்கு வரும்போது, அம்மா வைக்கும் குழம்பு வாசனையைத் தெருமுனையிலேயே கண்டுபிடிக்கிறீர்களே, அதே கதைதான்.

துடுப்புப் போட்டுத்தான் பிடிக்கணும்!

கடலில் இருக்கும்போது சால்மன் வேகமாக நீந்தித் திரியும். அதனால் படகை மெதுவாக ஓட்டிக்கொண்டே, பின்னால் தூண்டிலை இழுத்துக்கொண்டு போவார்கள். முள்ளில் சின்ன ஹெர்ரிங் மீன் இருக்கும். அல்லது பளபளவென்று மின்னும் ஸ்பூன் மாதிரித் தகடு இருக்கும். தகடு தண்ணீரில் ஆடி ஆடிப் போவது, அடிபட்ட குட்டி மீன் மாதிரித் தெரியும். சால்மன் ஏமாந்து கவ்வும். உடனே ரீலில் இருந்து நரம்பு 'கிர்ர்ர்'ரென்று ஓடும்.

கனடாவில் கேம்ப்பெல் ரிவர் என்ற ஊரில் டையி கிளப் என்று ஒரு சங்கம், 1924-ல் ஆரம்பித்தது. அதில் உறுப்பினராகச் சேரப் பணம் மட்டும் கொடுத்தால் போதாது. 30 பவுண்டுக்கு மேல், அதாவது 13 கிலோ 600 கிராமுக்கு மேல் எடையுள்ள சினூக் சால்மனைப் பிடிக்க வேண்டும். மோட்டார் போடக் கூடாது, துடுப்புப் படகுதான். உயிருள்ள இரை கூடாது. ஒரே ஒரு முள், அதிலும் எதிர்க்கொக்கி இருக்கக் கூடாது. நரம்பும் 20 பவுண்டு இழுவைக்கு மேல் தாங்கக் கூடாது. 30 பவுண்டு மீனை 20 பவுண்டு நரம்பில் பிடிப்பது எப்படி? வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். அது ஓடும்போது விட்டு, களைக்கும்போது சுற்றி, மறுபடி விட்டு... காற்றாடி விட்டவர்களுக்கு இது புரியும்.

எதிர்க்கொக்கி என்றேனே, தூண்டில் முள்ளின் நுனிக்குக் கொஞ்சம் கீழே பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்குமே, அதுதான். குத்திய முள் வெளியே வராமல் அது பிடித்துக்கொள்ளும். (விரலில் ஏற்றிக்கொண்டு அழுதவர்களுக்கு நன்றாகவே தெரியும்.) எதிர்க்கொக்கி இல்லாவிட்டால் மீன் தப்பிக்க வாய்ப்பு அதிகம். விடவேண்டிய மீனைக் காயப்படுத்தாமல் விடவும் முடியும். கனடாவின் பசிபிக் கரையில் சால்மன் பிடிக்க எதிர்க்கொக்கி இல்லாத முள்தான் என்பது சட்டமே.

இதுவரை ராடும் ரீலுமாகப் பிடிபட்ட சால்மனில் பெரியது 1985 மே மாதம் அலாஸ்காவின் கெனாய் நதியில் கிடைத்தது. 97 பவுண்டு 4 அவுன்ஸ். சுமார் 44 கிலோ. உங்கள் வகுப்பில் ஒல்லியான அண்ணன் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள், அந்த எடை! பிடித்தவர் லெஸ் ஆண்டர்சன், கார் விற்பனை செய்தவர். இது உலக சாதனை என்று அவருக்கு அப்போது தெரியாது. மீனைப் படகிலேயே போட்டுவிட்டு மேற்கொண்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தார். பல மணி நேரம் கழித்துத்தான் எடை போட்டார்கள். அதற்குள் ஈரம் வற்றி எடை குறைந்திருக்கும், உடனே போட்டிருந்தால் 100 பவுண்டைத் தொட்டிருக்கும் என்று இன்றும் பேசிக்கொள்கிறார்கள்.

நடக்கும் கண்

ஹாலிபட் விஷயம் முற்றிலும் வேறு. இது கடலின் அடித்தரையில் பாய் விரித்த மாதிரிப் படுத்துக் கிடக்கும் தட்டை மீன். இதைப் பிடிக்கக் கனமான ஈயக் குண்டைக் கட்டித் தூண்டிலை அடிவரை இறக்க வேண்டும். மாட்டியதும் மேலே தூக்குவது, கிணற்றில் விழுந்த கதவைக் கயிறு கட்டித் தூக்குகிற மாதிரி. அதனால் பெரிய ஹாலிபட்டுக்கு அங்கே 'கொட்டகைக் கதவு' என்று பட்டப் பெயர்! சின்ன ஹாலிபட்டுக்கு 'கோழி'.

1996-ல் அலாஸ்காவின் டச்சு ஹார்பர் அருகே பிடிபட்ட ஹாலிபட்தான் தூண்டில் சாதனை. 459 பவுண்டு, அதாவது 208 கிலோ. ஒரகடத்தில் ராயல் என்பீல்டு பைக் தயாராகிறது அல்லவா? 350 சிசி வண்டி 195 கிலோ. அந்த பைக்கை விட இந்த மீன் கனம்! இப்படிப்பட்ட மீன் படகுக்குள் துள்ளினால் ஆளின் காலை உடைத்துவிடும். அதனால் பெரியதை உயிரோடு படகில் ஏற்றப் படகோட்டிகள் பயப்படுவார்கள்.

ஹாலிபட்டின் பெரிய அதிசயம் அதன் கண். முட்டையில் இருந்து வந்த புதிதில் இது எல்லா மீனையும் போல நிமிர்ந்து நீந்தும். பக்கத்துக்கு ஒரு கண். பிறகு இடது கண் மெல்ல மெல்ல நகர ஆரம்பிக்கும்! நெற்றியைத் தாண்டி வலது பக்கம் வந்து சேரும். ஆறு மாதம் ஆகும்போது இரண்டு கண்ணும் ஒரே பக்கம். பிறகு கண் இல்லாத பக்கத்தைத் தரையில் வைத்துப் படுத்துவிடும். மேல் பக்கம் மண் நிறம், கீழ்ப் பக்கம் வெள்ளை. எல்லா ஹாலிபட்டும் இப்படி வலது பக்கம்தானா? இல்லை. ஏறக்குறைய 20,000-ல் ஒன்று மட்டும் தப்பித் தவறி இடது பக்கம் கண் வைத்துக்கொள்கிறது.

தரங்கம்பாடியில் இருந்து பெர்லின்

இனி நம் ஊருக்கு வருவோம். நம் மீன் மார்க்கெட்டில் 'எருமை நாக்கு' கேள்விப்பட்டிருக்கிறீர்களா? தட்டையாக, பழுப்பாக, பெரிய வாயும் கூரான பல்லுமாக இருக்கும். ஆங்கிலத்தில் இதற்கு 'இண்டியன் ஹாலிபட்' என்று பெயர். அறிவியல் பெயர் என்ன தெரியுமா? செட்டோடெஸ் எருமை! ஆமாம், நம்ம எருமைதான்.

அந்தக் கதை 200 வருடத்துக்கு முந்தையது. மயிலாடுதுறை மாவட்டம் தரங்கம்பாடி அப்போது டென்மார்க்காரர்கள் கையில் இருந்தது. டேனிஷ் கோட்டை இன்றும் கடற்கரையில் நிற்கிறது. பள்ளியில் கூட்டிப் போயிருப்பார்கள். அங்கே கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்று ஒரு பாதிரியார் இருந்தார். இவருக்குப் பாம்பு, மீன், கிளிஞ்சல் என்றால் உயிர். விதவிதமான மீன்களைச் சேகரித்து, கப்பலில் ஜெர்மனிக்கு அனுப்புவார். பெர்லினில் மார்க்கஸ் பிளாக் என்ற டாக்டர் அவற்றை ஆராய்ந்து படம் வரைந்து பெயர் வைப்பார். பிளாக் 1799-ல் இறந்த பிறகு, ஷ்னைடர் என்பவர் அந்த வேலையை முடித்து 1801-ல் புத்தகமாக வெளியிட்டார். அதில்தான் தரங்கம்பாடி மீன் ஒன்றுக்கு 'எருமை' என்ற பெயர் ஏறியது. நம் மீனவர்கள் சொன்ன பெயரில் பாதியை அப்படியே எழுதிவிட்டார்கள். நாக்கு தரங்கம்பாடியிலேயே தங்கிவிட்டது!

ஜானை பிளாக் மறக்கவில்லை. கத்தாளை மீன் வகை ஒன்றுக்கு 'ஜானியஸ்' என்று அவர் பெயரையே சூட்டினார். கத்தாளை மீன் தலையை உடைத்துச் சாப்பிடும்போது பல்லில் 'கடக்' என்று வெள்ளைக் கல் ஒன்று மாட்டுமே... அது காதுக் கல். ஹாலிபட்டுக்கும் அப்படி ஒன்று உண்டு. அதை வெட்டிப் பார்த்தால் மரத்தில் இருப்பது போல வருட வளையங்கள் தெரியும். எண்ணிப் பார்த்து மீனின் வயதைச் சொல்லிவிடுவார்கள். 55 வயது ஹாலிபட் வரை கண்டிருக்கிறார்கள். உங்கள் அப்பாவை விட மூத்த மீன்!

நம் எருமை நாக்கு அந்த ஹாலிபட்டுக்கு நெருங்கிய சொந்தம் இல்லை. தூரத்து உறவு. வளர்ந்தாலும் அரை மீட்டர் அளவுதான். ஆனால் விஞ்ஞானிகளுக்கு இதன் மேல் தனிப் பிரியம். தட்டை மீன்களிலேயே பழைய பாணி மீன் இது. இதன் கண் முழுசாக மறுபக்கம் வருவதில்லை. உச்சந்தலை ஓரத்திலேயே நின்றுவிடுகிறது. ஊர் எல்லையில் நின்றுபோன பஸ் மாதிரி! அதனால் சில சமயம் இது நிமிர்ந்தும் நீந்தும். இன்னொன்று, இதில் இடது கண்காரர்களும் வலது கண்காரர்களும் ஏறக்குறையச் சரிபாதி.

சரி, நம்ம 'சால்மன்'? அது காலா மீன். ரஜினி படம் இல்லை, நிஜமாகவே காலா! சூப்பர் மார்க்கெட்டில் 'இண்டியன் சால்மன்' என்று சீட்டு ஒட்டியிருப்பது பெரும்பாலும் இதுதான். மும்பையில் ராவஸ் என்பார்கள். சால்மனுக்கும் காலாவுக்கும் உறவே கிடையாது. பிடித்து விற்க ஒரு பெரிய பெயர் தேவைப்பட்டது, வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். என்னைக் கேட்டால், காலாவுக்கு இரவல் பெயர் தேவையே இல்லை. அதன் தொண்டைக்குக் கீழே பாருங்கள், நூல் நூலாக நான்கு இழை தொங்கும். அறிவியல் பெயரிலேயே 'நான்கு விரல்' என்று இருக்கிறது. கலங்கல் தண்ணீரில் கண் தெரியாதபோது இந்த விரல்களால் தடவித்தான் இறாலைத் தேடுகிறது.

நிஜச் சால்மன் குடும்பத்து ஆள் ஒருவர் தமிழ்நாட்டில் இருக்கிறார் தெரியுமா? ஊட்டிக்குப் பக்கத்தில் அவலாஞ்சி போனால் பார்க்கலாம். வானவில் டிரௌட். இது பசிபிக் சால்மன்களின் அதே பேரினம், ஆக அண்ணன் தம்பி முறை. 1860களில் பிரான்சிஸ் டே என்பவர் இங்கிலாந்தில் இருந்து டிரௌட் கொண்டுவரப் பார்த்தார், பலிக்கவில்லை. பிறகு வில்சன் என்ற அதிகாரி 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் நிலையம் ஏற்படுத்தி, நீலகிரி ஓடைகளில் அதை வாழ வைத்தார். குளிர் தண்ணீர் மீன் அது. ஸ்ரீபெரும்புதூர் வெயிலுக்கு ஒரு நாள் தாங்காது.

நம் கடலில் ராடும் ரீலும்

ஒரகடத்தில் இருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகப் போனால் கோவளம் கடல். விடுமுறை நாளில் ராடும் ரீலுமாகச் சில அண்ணன்கள் அங்கே நிற்பதைப் பார்க்கலாம். மீனவர்களின் படகில் ஏறிக் கடலுக்குள் போகிறவர்களும் உண்டு. அவர்கள் தேடுவது பாறை, சீலா, வஞ்சிரம், கொடுவா, கடல் விரால். அதிர்ஷ்டம் இருந்தால் மயில் மீன். முதுகுத் துடுப்பைத் தோகை மாதிரி விரிக்கும், அம்பு போலப் பாயும். கடலின் வேகமான மீன்களில் அதுவும் ஒன்று. அந்தமானில் பெரிய பாறை மீன் பிடிக்க வெளிநாட்டில் இருந்தே வருகிறார்கள். மரத்தால் செய்த போலி மீனைத் தண்ணீர் மேல் 'பளக், பளக்' என்று இழுப்பார்கள். கீழே இருந்து பாறை சீறி வந்து அடிக்கும்.

ஆனால் குட்டீஸ், ஒன்றைச் சொல்ல வேண்டும். தூண்டிலில் பெரிய மீன் பிடிப்பது நம் கடற்கரைக்குப் புதிது இல்லை. கட்டுமரத்தில் போய், ராடு இல்லாமல், ரீல் இல்லாமல், வெறும் கையில் நரம்பைப் பிடித்து வஞ்சிரமும் சூரையும் ஏற்றியவர்கள் நம் மீனவர்கள். நீண்ட கயிற்றில் நூற்றுக்கணக்கான முள் கோத்து விடுவதற்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? ஆயிரங்கால் தூண்டில்! அவர்களுக்கு அது விளையாட்டு இல்லை, அடுப்பு எரியும் வேலை. இரண்டும் ஒரே மீனைத்தான் தேடுகின்றன என்பதை ராடு பிடிப்பவர்கள் மறக்கக் கூடாது.

பெரிசு எல்லாம் அம்மா

பிடித்துவிட்டு, போட்டோ எடுத்துவிட்டு, மீனைத் திரும்ப விட்டுவிடுவது இப்போது விளையாட்டுக்காரர்களிடம் வழக்கமாகி வருகிறது. 'விடுவதற்கு எதற்கு ஐயா பிடிக்கணும்?' என்று உங்கள் பாட்டி கேட்பார். நியாயமான கேள்விதான்! விட்ட மீன் எல்லாம் பிழைப்பதும் இல்லை. வெயிலில் வெகுநேரம் தூக்கி வைத்திருந்தால், காய்ந்த கையால் தொட்டால், செத்துப் போகலாம். ஆழத்தில் இருந்து மேலே வரும் கலவா மீனுக்கு இன்னொரு ஆபத்து. அதன் உடம்புக்குள் காற்றுப் பை இருக்கிறது. மேலே வர வர அழுத்தம் குறைந்து, பை பலூன் மாதிரி ஊதி, இரைப்பையையே வாய் வழியாகத் தள்ளிவிடும். அதைத் திரும்ப விட்டாலும் கீழே போக முடியாமல் மிதக்கும். ஹாலிபட்டுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. அதற்குக் காற்றுப் பையே கிடையாது. விட்டதும் 'சர்'ரென்று தரைக்குப் போய்விடும்.

இது ஏன் முக்கியம் என்றால், பெரிய ஹாலிபட் எல்லாம் ஏறக்குறையப் பெண் மீன்கள். ஆண் அவ்வளவு பெரிதாக வளராது. 'கொட்டகைக் கதவு' பிடித்தேன் என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், லட்சக்கணக்கில் முட்டையிடும் ஒரு அம்மாவைப் பிடித்தார் என்று அர்த்தம். அதனால் கனடாவில் இந்த அளவுக்கு மேல் நீளமான ஹாலிபட்டை வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். சின்ன மீனைப் பிடிக்காதே என்று சொல்வது எல்லா ஊரிலும் உண்டு. பெரிய மீனையும் பிடிக்காதே என்பது புதுசு அல்லவா?

இப்போது நம் காலாவைக் கவனியுங்கள். அது ஆணாகத்தான் வாழ்க்கையை ஆரம்பிக்கும். சில காலம் அப்பாவாக இருந்துவிட்டு, வளர்ந்து பெரிதானதும் பெண்ணாக மாறிவிடும்! கொடுவாவும் அப்படித்தான். பொய் இல்லை, நிஜம். ஆகவே நம் கடலிலும் பெரிய காலா, பெரிய கொடுவா என்றால் அது அம்மாதான். பெரியதாகப் பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டே போனால், மிச்சம் இருப்பவை எல்லாம் அப்பாக்களும் பையன்களும். முட்டையிட யார் இருக்கிறார்கள்?

ஹாலிபட் குறைகிறதே என்று அமெரிக்காவும் கனடாவும் 1923-லேயே உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போட்டன. குளிர்காலத்தில் முட்டையிடும் நேரம் என்பதால் மூன்று மாதம் பிடிக்கக் கூடாது என்றார்கள். நம் கரையில் 2001-ல் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. முதலில் 45 நாள். 2017-ல் இருந்து 61 நாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். வஞ்சிரம் விலை ஏறிப்போச்சு என்று வீட்டில் அம்மா சலித்துக்கொள்வாரே, அந்த இரண்டு மாதம்தான். சின்ன மீன்களைப் பிடிக்க விடாமல் கேரள அரசு 58 வகைகளுக்குக் குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறது.

சால்மன் கதை இன்னும் கவலையானது. கலிபோர்னியாவில் 2023-லும் 2024-லும் கடலில் சால்மன் பிடிக்கவே முழுத் தடை. விளையாட்டுக்கும் கிடையாது, வியாபாரத்துக்கும் கிடையாது. 44 கிலோ சாதனை மீன் கிடைத்த கெனாய் நதி இருக்கிறதே, அங்கே 2024, 2025 இரண்டு வருடமும் சினூக் பிடிக்க முடியாமல் மூடிவிட்டார்கள். 3,000 கிலோமீட்டர் நீந்தும் யூகான் சினூக்குக்கு, 2024 ஏப்ரலில் அலாஸ்காவும் கனடாவும் சேர்ந்து ஏழு வருடம் விடுமுறை அறிவித்தன. ஏழு வருடம் ஏன்? ஒரு சினூக் பிறந்து, கடலுக்குப் போய், திரும்பி வந்து முட்டையிட்டு முடிய ஆகும் காலம் அது. ஒரு முழுத் தலைமுறையை நிம்மதியாக விட்டுப் பார்க்கலாம் என்று!

அணையை உடைத்த கதை

சால்மன் குறைய ஒரு காரணம், அது திரும்பிப் போகும் வழியில் மனிதன் கட்டிய அணைகள். கிளாமத் என்று ஒரு நதி, அமெரிக்காவின் ஆரிகன், கலிபோர்னியா மாநிலங்களில் ஓடுகிறது. அதன் கரையில் வாழும் பழங்குடி மக்கள் சால்மனை நம்பி வாழ்ந்தவர்கள். அணைகளை எடுங்கள் என்று பல வருடம் போராடினார்கள். கடைசியில் நான்கு அணைகளை இடித்தே விட்டார்கள். 2024 அக்டோபர் தொடக்கத்தில் வேலை முடிந்தது. அதே அக்டோபர் நடுவில், அணைகள் இருந்த இடத்துக்கு மேலே ஆரிகனில் ஒரு சினூக்கைக் கண்டார்கள். 1912-க்குப் பிறகு அந்தப் பக்கம் சால்மன் வருவது அதுதான் முதல் முறை! கதவைத் திறந்ததும் உள்ளே வந்துவிட்டது பாருங்கள்.

நம் ஸ்ரீபெரும்புதூர் ஏரியில் தக்கை பார்த்துக்கொண்டிருந்த பையன்களிடம் திரும்பப் போவோம். அந்த ஏரி நிரம்பி வழிந்தால் தண்ணீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகும். செம்பரம்பாக்கம் நிரம்பினால் அடையாற்றில். ஒரகடம், மணிமங்கலம், ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் தண்ணீரும் அடையாறுதான். 2015 டிசம்பரில் இந்தத் தண்ணீர் எவ்வளவு வேகமாகச் சென்னைக்குப் போனது என்று வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். அடையாறு கடலில் சேரும் முகத்துவாரம் இருக்கிறதே, அந்த மாதிரி உப்பும் நல்ல தண்ணீரும் கலக்கும் இடத்தில்தான் மடவையும் கொடுவாவும் குஞ்சுப் பருவத்தைக் கழிக்கும். ஆக, கார் கம்பெனிகளுக்கு நடுவில் இருக்கும் ஏரியும் கோவளத்துக் கொடுவாவும் ஒரே தண்ணீர்க் குழாயின் இரண்டு முனைகள். ஏரியில் எறியும் பிளாஸ்டிக் கவர், கழிவுத் தண்ணீர் எல்லாமே அந்தக் குழாய் வழியாகத்தான் போகின்றன. முகத்துவாரத்தில் மணல் மேடு தட்டினால் கடல் தண்ணீர் உள்ளே வர முடியாது. இயந்திரம் வைத்துத் தோண்டிவிட வேண்டியிருக்கிறது. அதுவும் ஒரு கதவுதான்.

கண் எந்தப் பக்கம்?

இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு மீன் கடைக்குப் போனால் இதைச் செய்து பாருங்கள். எருமை நாக்கைத் தேடுங்கள். கிடைத்தால், வாய் முன்பக்கம், வயிறு கீழே வரும்படி பிடித்துக்கொண்டு, கண் இருக்கும் பக்கம் மீனுக்கு இடதா வலதா என்று பாருங்கள். மேல் கண் உச்சி ஓரத்தில் நிற்கிறதா என்றும் பாருங்கள். நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பத்து மீன் பார்த்தால் ஐந்துக்கு ஐந்து வருகிறதா, ஆறுக்கு நாலா? அப்படியே காலா இருந்தால் அதன் நான்கு விரலையும் எண்ணிவிடுங்கள். கடைக்காரர், "என்ன தம்பி, மீன் வாங்க வந்தியா, ஜோசியம் பார்க்க வந்தியா?" என்று கேட்டால், எருமை நாக்கு பெர்லின் போன கதையைச் சொல்லுங்கள். அரைக் கிலோ நெத்திலியாவது வாங்கிவிட்டு வாருங்கள், பாவம்!